மார்ஜினை மாற்றுவோம், வாக்கியத்தை மாற்றமாட்டோம்

ஜனவரி பிறந்தால் கருத்தரங்கு சீசன். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வண்டலூர் என்று தென்சென்னைப் புறநகர் முழுக்கக் கல்லூரி வாசல்களில் 'தேசியக் கருத்தரங்கு', 'பன்னாட்டுக் கருத்தரங்கு' பேனர்கள் தொங்கும். சமூக நீதி பற்றி ஓர் அமர்வு கட்டாயம் உண்டு. நம் பிள்ளைகள் மேடையேறுவார்கள். நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் போடப்பட்ட குடும்பங்களைப் பற்றிப் பேசுவார்கள். செப்டிக் டேங்கில் இறங்கிச் செத்தவர்களைப் பற்றிப் பேசுவார்கள். கைதட்டல் கிடைக்கும், சான்றிதழ் கிடைக்கும். சில மாதம் கழித்துக் கருத்தரங்கத் தொகுப்பு நூலாக வரும். அதில் அந்தக் கட்டுரை இருக்காது.

ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். "கன்டென்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. ஃபார்மட் சரியில்ல."

இந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். இந்தப் பகுதியில் முதல் தலைமுறை மாணவர்களோடு சனிக்கிழமைகளில் உட்கார்ந்து, மாநாட்டில் வாசித்த கட்டுரைகளை அச்சுக்குத் தயார் செய்கிற வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். நாங்கள் கண்டது இது: வடிகட்டல் மேடையில் நடப்பதில்லை. மேடை எல்லோருக்கும் கிடைக்கிறது. பன்முகத்தன்மை என்று போட்டோ எடுக்க அது அவர்களுக்கும் தேவை. வடிகட்டல் மேடைக்குப் பிறகு, யாரும் பார்க்காத இடத்தில், மார்ஜின், அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் என்ற பெயரில் நடக்கிறது.

பேராசிரியர்களிடம் ஒரு கேள்வி. மேற்கோளை எப்படிக் காட்டுவது, துணைநூற்பட்டியலை எப்படி அடுக்குவது, ஆய்வுச்சுருக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எந்த வகுப்பில், எந்த மணிநேரத்தில் சொல்லிக்கொடுத்தீர்கள்? சொல்லிக்கொடுக்காததைத் தேர்வில் கேட்டால் மாணவர்கள் மறியல் செய்வார்கள். இங்கே சொல்லிக்கொடுக்காததையே தகுதி என்று வைத்திருக்கிறீர்கள். வீட்டில் ஒரு பேராசிரியர் அத்தையோ டாக்டர் பட்டம் வாங்கிய மாமாவோ இருக்கிற பிள்ளைக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். சமூகவியலில் பியர் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்று சொன்னதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்கள். அது உங்கள் மேசையிலேயே வேலை செய்வதை மட்டும் பார்க்க மறுக்கிறீர்கள்.

நம் பக்கத்திலும் ஒரு பதில் இருக்கிறது. அதையும் விடப்போவதில்லை. "ஃபார்மட் என்பதே பார்ப்பனியம், நம் வலிக்கு எதற்கு அடிக்குறிப்பு" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். கேட்க வீரமாக இருக்கும். ஆனால் இதைச் சொல்கிறவர் பாபாசாகேப் எப்படித் தொடங்கினார் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறார்.

1916 மே 9. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். மானுடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 25 வயது மாணவர் அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். அடுத்த ஆண்டு, 1917 மே மாதம், அது 'இண்டியன் ஆன்டிகுவரி' இதழில் அச்சானது. மாநாட்டுக் கட்டுரை இதழ்க் கட்டுரையாக மாறியதற்கு நம் வரலாற்றில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. அந்தக் கட்டுரையின் கட்டுமானத்தைப் பாருங்கள். செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் ஆகிய நால்வர் சாதிக்குத் தந்த வரையறைகளை முதலில் எடுத்து வைக்கிறார். ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று காட்டுகிறார். பிறகுதான் அகமண முறையே சாதியின் அடிப்படை என்ற தன் வாதத்துக்கு வருகிறார். இன்று உங்கள் நெறியாளர் 'முன்னாய்வுகள்' என்று ஒரு பகுதி எழுதச் சொல்கிறாரே, அது இதுதான். அதைச் சடங்காகச் செய்யாமல் ஆயுதமாகச் செய்து காட்டியவர் நம்மவர்.

அதே அம்பேத்கர் 1936இல் என்ன செய்தார்? லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்தவர்கள், சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். வேதங்களைப் பற்றிய பேச்சு வேண்டாம், இந்து மதத்தை விட்டு விலகும் அறிவிப்பு வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம். ஒரு கமாவைக்கூட மாற்றமாட்டேன் என்று எழுதிவிட்டார். மாநாடு நடக்கவில்லை. அவர் தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தது. தமிழிலும் வந்தது. அதுதான் 'சாதி ஒழிப்பு'.

இந்த இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இதழின் வடிவத்துக்குள் தன் வாதத்தை வைக்க அவருக்குத் தயக்கம் இல்லை. வடிவம் என்ற பெயரில் வாதத்தையே வெட்ட வந்தபோது அச்சகத்தைத் தேடிப் போனார். நாம் பிடிக்க வேண்டிய கோடு இதுதான். ஏ4 தாள், 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, 5 திறவுச்சொற்கள், 250 சொல் சுருக்கம்: கேட்டபடி கொடுத்துவிடுங்கள். அதில் நமக்கு எந்த நட்டமும் இல்லை. ஆனால் 'மொழித் திருத்தம்' என்ற பெயரில் 'கொல்லப்பட்டார்' என்பது 'உயிரிழந்தார்' ஆகும். 'வெளியேற்றப்பட்டவர்கள்' என்பது 'இடம்பெயர்ந்தவர்கள்' ஆகும். வன்கொடுமை 'இரு தரப்பு மோதல்' ஆகும். தாக்கிய சாதியின் பெயர் போய் 'குறிப்பிட்ட சமூகத்தினர்' என்று வரும். இது ஃபார்மட் இல்லை. இது தணிக்கை. கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் கொடுங்கள். பெரும்பாலும் எழுத்தில் கேட்கமாட்டார்கள்.

இனி, வடிவம் நம்மை எங்கெல்லாம் மாட்டிவைக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் பெயர். இணையத்தில் கட்டுரை அனுப்பும்போது 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஏன் கிடையாது என்று தெரியுமா? நம் செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு கூடிப் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறினால் போய்விடுகிற ஊர். ஐயரும் மேனனும் ரெட்டியும் அந்தக் கட்டத்தில் அழகாக உட்காருவார்கள். நாம் தூக்கி எறிந்ததை மென்பொருள் திரும்பக் கேட்கும். பதற்றத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க அந்தக் கட்டுரை அப்பாவின் பெயரில்தான் மேற்கோள் காட்டப்படும். களத்துக்குப் போனவள் மகள், பேர் அப்பாவுக்கு. முன்னெழுத்தை 'ஃபர்ஸ்ட் நேம்' கட்டத்திலும் உங்கள் சொந்தப் பெயரை 'லாஸ்ட் நேம்' கட்டத்திலும் போடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை இன்றே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் வையுங்கள். ஆர்கிட் எண் இலவசம். அதில் குடும்பப் பெயர் கட்டாயம் இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து பிளேஜியரிசம் ரிப்போர்ட். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் முழுப் பெயரையும் பிரிவையும் எழுதியதற்கு ஒரு மாணவருக்குச் சிவப்புக் கோடு விழுந்தது. 'வேறு வார்த்தையில் எழுது' என்றார்கள். சட்டத்தின் பெயரை வேறு வார்த்தையில் எப்படி எழுதுவது? 2018இல் வந்த யுஜிசி ஒழுங்குமுறையைப் படியுங்கள். சட்டங்கள், பொதுச் சொற்கள், உரிய முறையில் காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல் எல்லாம் கணக்கில் வராது. தற்செயலாக ஒத்துவரும் 14 சொற்கள் வரையிலான தொடரும் வராது. அதன் பிறகும் 10 விழுக்காடு வரை சிறு ஒற்றுமை என்றுதான் பெயர், தண்டனை கிடையாது. மென்பொருள் காட்டுகிற முதல் எண்ணைப் பார்த்துப் பயந்து நல்ல வாக்கியத்தைக் கெடுக்காதீர்கள். விலக்குகளைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அதே சமயம் அடுத்தவர் வாக்கியத்தை எடுத்துவிட்டு மேற்கோள் காட்டாமல் போவதற்கு இது சாக்கு இல்லை. நம் உழைப்பைத் திருடாதே என்று சொல்கிறவர்கள் அடுத்தவர் உழைப்பைத் திருடக்கூடாது.

மூன்றாவது, யார் பெயர் முதலில். ஆசிரியர் நியமனம், பதவி உயர்வுக்கான யுஜிசியின் 2018 மதிப்பெண் முறையில், இருவர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் போனால் முதல் அல்லது பொறுப்பு ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு 30. மாணவர் கட்டுரையில் நெறியாளர் பெயரும் அவருடைய நண்பர் பெயரும் ஏன் முளைக்கின்றன, யார் பெயர் ஏன் முதலில் வருகிறது என்று இப்போது புரிகிறதா? மழையில் நனைந்து நேர்காணல் எடுத்தவர் மூன்றாவது ஆகிவிடுகிறார். பெயர் வரிசையை எழுதத் தொடங்கும் முன்பே பேசி, மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பேசப் பயமாக இருந்தால் அண்ணன், அக்கா யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அது குற்றமில்லை.

நான்காவது, பணம். "ஐஎஸ்பிஎன் உள்ள நூலில் வரும், இரண்டாயிரம் கட்டு" என்கிறார்கள். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜாராம் மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. அது ஒரு நூலின் அடையாள எண், அவ்வளவுதான். தரச் சான்று இல்லை. 'யுஜிசி கேர் ஜர்னல்' என்று வாட்ஸ்அப்பில் வருகிற தரகரையும் நம்பாதீர்கள். கேர் பட்டியலை யுஜிசி கைவிட்டதாக 2025 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. பிஎச்.டி. ஆய்வேடு கொடுக்கும் முன் இதழில் கட்டுரை வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022 நவம்பர் ஒழுங்குமுறையில் எடுத்துவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். அந்த விதியை வாங்கிப் படித்த பிறகு பணத்தைக் கட்டுங்கள். சித்தாள் வேலைக்குப் போகிற அம்மாவின் மூன்று நாள் கூலி அது.

ஐந்தாவது, நம் கடமை. மேடையில் 40 பேருக்குக் காட்டிய படம் வேறு, அச்சில் என்றைக்கும் நிற்கும் படம் வேறு. பெரும்பாக்கத்து அக்கா ஒருவர் நம்மிடம் மனம் திறந்து பேசியிருப்பார். பிளாக் எண், மாடி, வேலை செய்யும் வீடு, பிள்ளையின் பள்ளி எல்லாம் கட்டுரையில் இருந்தால் பெயரை மாற்றி என்ன பயன்? அச்சுக்கு அனுப்பும் முன் முகம் தெரியும் படங்களை எடுத்துவிடுங்கள். அடையாளம் காட்டும் விவரங்களைக் குறையுங்கள். அவர்களிடமே திரும்பப் போய், தமிழில் படித்துக் காட்டி, சம்மதம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த வரி வேண்டாம். கல்லூரி ஆசிரியருக்குக் கொடுக்காத திருத்தும் உரிமையை அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, ஃபேஸ்புக்கில் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். எழுதுங்கள். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1891இல் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தாம்பரமும் அன்று அந்த மாவட்டம்தான். 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். நூறாண்டு கழித்தும் நம் மக்கள் அதிகாரியின் முன் நீட்ட முடிந்த ஆதாரம், ஒழுங்காக எழுதி, எண் போட்டு, அச்சில் ஏறிய காகிதம். அதை எழுதியது ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர். அடுத்த நூறாண்டுக்கு நம் பேரப்பிள்ளைகள் நீட்டப்போகும் காகிதத்தை நாமே எழுத வேண்டாமா?

கல்லூரிகளுக்கு நம் கோரிக்கை மூன்று. கருத்தரங்கு அழைப்போடு சேர்த்தே டெம்ப்ளேட்டையும் மாதிரிக் கட்டுரை ஒன்றையும் வெளியிடுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்லி, திருத்த இரண்டு வாரம் கொடுங்கள். தமிழில் எழுதிய கட்டுரையை 'ஃபான்ட் வரவில்லை' என்று ஒதுக்காதீர்கள். தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது, இன்னும் பழைய எழுத்துருவில் கேட்பது உங்கள் சோம்பல்.

மாணவர்களே, உங்களுக்குச் சொல்வது இது. 'ஃபார்மட் சரியில்லை' என்ற மின்னஞ்சலைப் பார்த்ததும் கட்டுரையை மூடி வைத்துவிடாதீர்கள். எது சரியில்லை என்று வரி வரியாகக் கேளுங்கள். ஸொடேரோ இலவசம், லிப்ரே ஆபிஸ் இலவசம், இரண்டையும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டவர் அடுத்த இருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கற்பி என்று பாபாசாகேப் சொன்னதில் அடிக்குறிப்பு போடுவதும் அடக்கம்.

ஜெய்பீம்.