டோனட்டுக்கு மைதாதான், ராகிக்காரர்கள் மன்னிக்கவும்

மக்களே, கொஞ்ச நாளா பார்த்துக்கிட்டே இருக்கேன். வீட்டில் டோனட் செய்வது எப்படின்னு யார் எழுதினாலும், கடைசியில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது: மைதா பிடிக்காதவங்க ராகி மாவோ கோதுமை மாவோ போட்டுக்கலாம், ருசி ஒண்ணுதான், உடம்புக்கும் நல்லது. எழுதினவர் ஒருதரமாவது அப்படிச் செய்து பார்த்தாரா? பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

எங்க ஊர் திருப்புட்குழி. இங்கே மரகதவல்லித் தாயார் சன்னதியில் வறுத்த பயறு முளைக்கும் என்பது நம்பிக்கை. குழந்தை வரம் கேட்டு வரும் பெண்கள் நனைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் முளை விட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பார்கள். அதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை, அது தாயார் பாடு. ஆனா ராகி மாவு உப்பணும்னு தாயாரை எல்லாம் தொந்தரவு பண்ண முடியாது சாமி!

நம்ம வீட்டு மெதுவடையையே எடுத்துக்குங்க. உளுந்துக்குப் பதில் கடலைப்பருப்பு போட்டால் அதுக்குப் பேர் மசால்வடை. அதுவும் நல்ல பண்டம்தான், ஆனா அது மெதுவடை இல்லை. உளுந்தின் கொழகொழப்பு காற்றைப் பிடித்து வைக்கிறது, அதனால் வடை பஞ்சு மாதிரி வருகிறது. இட்லி மாவு பொங்குவதற்கும் அந்த உளுந்துதான் காரணம். இது எங்க பாட்டிக்குத் தெரியும், உங்க பாட்டிக்கும் தெரியும். டோனட் என்று வந்ததும் மட்டும் எந்த மாவானால் என்ன என்கிற தாராளம் எங்கிருந்து வருது?

ஈஸ்ட் போட்ட டோனட்டில் உளுந்தின் வேலையைச் செய்வது க்ளூட்டன். கோதுமையில் உள்ள க்ளையடின், க்ளூட்டெனின் என்ற இரண்டு புரதங்களும் தண்ணீரில் நனைந்து, பிசையப் பிசைய வலை மாதிரி பின்னிக்கொள்ளும். ஒன்று இழுபடும், இன்னொன்று இழுத்தால் திரும்பும். ஈஸ்ட் விடுகிற வாயு அந்த வலையில் மாட்டிக்கொண்டு மாவை ஊத வைக்கிறது. ராகியில் க்ளூட்டன் கிடையாது. கம்பு, தினை, சாமை எதிலும் கிடையாது. வலை இல்லாத இடத்தில் மீன் பிடிக்கச் சொன்னால் ஈஸ்ட் என்ன பண்ணும், பாவம்.

சரி, கோதுமை மாவில் க்ளூட்டன் இருக்கே என்பீர்கள். இருக்கு. ஆனா கூடவே தவிடும் இருக்கு. காஞ்சிபுரம் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: பாவு நூல் அங்கங்கே அறுந்துகிட்டே இருந்தா தறியில் என்ன நெய்வீங்க? தவிட்டுத் துகள் அந்தப் புரத வலையை அப்படித்தான் அறுக்கிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் புரத அளவைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட அட்டவணையில் ஆட்டா, மைதா இரண்டுமே நூறு கிராமுக்குப் பத்தரை கிராம் புரதத்தை ஒட்டித்தான் வருது. ஆனா ஆட்டாவின் புரதத்தில் ஒரு பங்கு தவிட்டிலும் முளையிலும் இருப்பது, அது வலை பின்னாது. சப்பாத்திக்கு அருமையான மாவு. டோனட் போட்டா பந்து.

மைதாவிலும் எல்லாம் ஒன்றில்லை. அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து பாலுசெட்டிசத்திரம் மளிகைக் கடையில் போய் பிரெட் ஃப்ளோர் கேட்டால் கடைக்காரர் பிரெட் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார் :-) தேவையே இல்லை. பாக்கெட்டில் புரதம் 10, 11 என்று இருந்தால் தாராளமா வாங்கலாம். 9க்குக் கீழே என்றால் பிஸ்கட்டுக்கு ஆகும். சில்லறையில் வாங்குகிற மைதா என்றால் நூறு கிராம் எடுத்து கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் கையில் கசக்கிக் கழுவுங்க. ரப்பர் மாதிரி ஒரு உருண்டை மிஞ்சும். அது இருபத்தைந்து கிராமுக்கு மேல் நின்றால் நல்ல மாவு. கால் கிலோ மைதாவுக்கு ஒரு முட்டை, நூறு மில்லிக்குச் சற்று மேல் பால், முப்பது கிராம் வெண்ணெய், அதே அளவு சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். மாவு கையில் கொஞ்சம் ஒட்டணும். ஒட்டுதேன்னு மேலே மேலே மாவைக் கொட்டாதீங்க, கல்லாப் போயிடும்.

பேக்கிங் பவுடர் போட்டுச் செய்கிற கேக் டோனட் வேறு ஜாதி. அதுக்குப் புரதம் குறைந்த மாவே மேல்.

இப்ப முக்கியமான சண்டைக்கு வரேன். ராகி டோனட் சர்க்கரை நோயாளிக்கு நல்லதுன்னு எழுதறீங்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். தெரிஞ்ச வீட்டுப் பெரியவர் ஒருத்தர், பல வருஷமா சர்க்கரைக்கு மாத்திரை போடுறவர். மருமகள் இப்படி ஒரு குறிப்பைப் படித்துச் செய்து கொடுக்க, ராகிதானேன்னு ஒரே உட்காரலில் நாலு சாப்பிட்டார். மைதா டோனட்டாக இருந்தால் பயந்து பாதி கடித்துவிட்டு வைத்திருப்பார். அதே 2017 அட்டவணையில் மைதாவுக்கு நூறு கிராமில் 74 கிராம் கார்போஹைட்ரேட், ராகிக்கு 67. நார்ச்சத்து ராகியில் பல மடங்கு, வாஸ்தவம். ஆனா மாவில் போட்ட சர்க்கரை, மேலே புரட்டின சர்க்கரை, குடித்த எண்ணெய் எல்லாம் எங்கே போச்சு? அந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேல் முக்கால் பங்கு மைதாவும் கலந்திருக்கும், இல்லேன்னா அது நிற்கவே நிற்காது. 2023ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லியிருக்கு. நீங்க எழுதுவதைப் படிப்பவர்களில் அவங்களும் உண்டு.

இன்னொரு பக்கம் மைதாவே விஷம் என்கிற கோஷ்டி. மரவள்ளிக் கிழங்கில் செய்யறாங்களாம், எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்கும் அலாக்ஸானை அதில் கலக்கறாங்களாம். மைதா கோதுமைதான், தவிடும் முளையும் நீக்கிச் சலித்தது. அலாக்ஸான் ஆய்வுக்கூட எலிக்குப் போடுவது, மாவில் யாரும் அதை அள்ளிப் போடுவதில்லை. நிஜமாவே கவலைப்பட வேண்டிய பொட்டாசியம் புரோமேட்டை 2016ல் தடை செய்தாங்க. அதைப் பற்றி ஒரு ஃபார்வேர்டும் எனக்கு வரலை! மைதாவில் நார்ச்சத்து குறைவு, சீக்கிரம் சர்க்கரையாகும். குறை சொல்ல அந்த நிஜமே போதுமே.

ராகியைக் கூழாக் குடிங்க, களியாத் தின்னுங்க, நூறு கிராமில் 360 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கு. டோனட்டை மைதாவில் செய்து, மைதா டோனட் என்றே பேர் சொல்லி, ஆளுக்கு ஒன்று கொடுங்க.

டிஸ்கி: கேக் டோனட்டுக்கு மைதாவோடு கலக்கச் சொல்லும் கார்ன்ஃப்ளவரை 'சோள மாவு' என்று மொழிபெயர்க்கும் நண்பர்களே, அது மக்காச்சோளத்தில் எடுக்கிற வெள்ளை ஸ்டார்ச். உங்க பேச்சைக் கேட்டு மில்லில் வெள்ளைச் சோளம் அரைத்துக்கொண்டு வந்தவங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து கார்ன்ஃப்ளவர் என்றே எழுதித் தொலைங்கப்பா.