சராசரிக்குள் மறையும் சேரி

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. அதன்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 2015-16 சுற்றில் இது 27. ரத்தசோகை உள்ள பெண்கள் 55இலிருந்து 53 ஆகியிருக்கிறார்கள். குறைந்திருப்பது உண்மை. யார் வீட்டில் குறைந்தது என்பதே நம் கேள்வி.

ஆய்வுக்கு வருபவர்கள் குடும்பத் தலைவரின் சாதிப் பிரிவையும் கேட்டுத்தான் பதிகிறார்கள். 2015-16 தேசிய அறிக்கையைப் புரட்டினால், பட்டியல் சாதிக் குழந்தைகளில் 100க்கு 43 பேர் உயரம் குன்றியவர்கள். பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகிய மூன்றிலும் சேராதவர்களிடம் இது 31. நாட்டின் சராசரி 38. சராசரியை மட்டும் படிப்பவர் கண்ணில் இந்த இடைவெளி படாது.

மாவட்ட அறிக்கையிலோ இந்தச் சாதிவாரி விவரமே கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் சுற்றில் 707 மாவட்டங்களில் சுமார் 6.37 லட்சம் வீடுகள் ஆய்வு செய்யப்பட்டன. மாவட்டத்துக்கு ஏறத்தாழ 900 வீடுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஐவரில் ஒருவர் பட்டியல் சாதியினர். அப்படியென்றால் சுமார் 180 வீடுகள்தான் நம்முடையவை. அவற்றிலும் கைக்குழந்தை உள்ள வீடுகள் எத்தனை இருக்கும்? அந்தச் சிறு எண்ணிக்கையை வைத்துச் சொல்லும் விழுக்காடு நம்பத்தக்கதாக இருக்காது.

அங்கன்வாடிப் பதிவேட்டுக்கு இந்தத் தடை கிடையாது. பெயர் பதிந்த ஒவ்வொரு குழந்தையின் எடையும் உயரமும் அங்கே குறிக்கப்பட வேண்டும். குழந்தைகளின் பெயரை வெளியிடாமல், ஊர்த்தெரு தனி, சேரி தனி என்று கூட்டிப் போட்டாலே போதும். எந்தத் தெருவுக்குச் சத்துமாவு ஒழுங்காக வரவில்லை, எந்தக் குடியிருப்பின் குழந்தைகள் மையத்துக்கே வருவதில்லை என்று விசாரிக்க அது வழி காட்டும். புதிய ஆய்வும் வேண்டாம், புதிய நிதியும் வேண்டாம்.

மாவட்ட நிர்வாகம் இந்தத் தொகுப்பை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடுகிறது. சேரித் தாய்மார்கள் அங்கே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். கல்லூரி மாணவர்கள் மாவட்ட அறிக்கையை எடுத்துப் படித்து, எண்களைத் தமிழில் எழுதிக்கொடுத்து அவர்களுக்குத் துணை நிற்கலாம். நம் பிள்ளைகளின் கணக்கு தனியாகத் தெரிந்தால்தான், சேர வேண்டியது அவர்களுக்குச் சேர்ந்ததா என்று நாம் கேட்க முடியும்.