ஜோடி மீன்

"ஒரு ஜோடி கொடுங்கள்" என்று கேட்டு மீன் வாங்குகிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. வேஷ்டியை ஜோடியாக வாங்கலாம். செருப்பை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். நியான் டெட்ராவை ஜோடியாக வாங்குவது பாவம்.

அந்த மீனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை அங்குல உடம்பு. அதில் மின்னும் நீலக் கோடு. நடு உடம்பிலிருந்து வால் வரை சிவப்பு. அதன் பிறந்தகம் பெரு, கொலம்பியா, பிரேஸில் நாடுகளில் அமேசானின் மேற்பகுதி ஓடைகள். 1936-ல் ஜார்ஜ் மையர்ஸ் என்ற அறிஞர் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். மர நிழலில், சருகு ஊறித் தேயிலைத் தண்ணீர் போல் நிறம் மாறிய நீரில், கூட்டம் கூட்டமாகத் திரிவது அதன் வாழ்க்கை.

கூட்டம் அதற்குப் பொழுதுபோக்கு அல்ல, ஐயா, கோட்டை! பல கண்களில் ஏதாவது ஒன்று பகைவனை முதலில் கண்டுவிடும். எதைப் பிடிப்பது என்று பகைவனுக்கும் புத்தி தடுமாறும். முள்ளோ விஷமோ இல்லாத பிராணிக்கு வேறு என்ன பாதுகாப்பு?

அந்தக் கோட்டையை இடித்து இரண்டை மட்டும் கொண்டுவந்து, செடியில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, விளக்கையும் போட்டுவிடுகிறோம். வருகிற குழந்தைகள் எல்லாம் கண்ணாடியைத் தட்டுகின்றன. மீன் வெளுத்து, மூலையில் ஒதுங்கி, இரை எடுக்க மறுக்கிறது. அதன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா சிறு கிண்ணத்தில் சீக்கிரமே நஞ்சாகிறது. செத்தால், "ராசியில்லாத மீன்" என்கிறோம்! ராசி இல்லாதது யாருக்கு?

"இந்த மீன்கள் பண்ணையில் பிறந்தவை, அமேசானைக் கண்டனவா?" என்று கேட்கும் புத்திசாலிகள் உண்டு. காட்டையே காணாத வீட்டுப் பூனை எலியைக் கண்டால் பதுங்கவில்லையா? சுபாவம் ரத்தத்தோடு வருவது.

"மலிவான மீன்தானே, போனால் வேறு வாங்கலாம்" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே கூசுகிறது. நன்றாக வைத்துக்கொண்டால் 5 வருஷம் வாழக்கூடிய உயிர் அது. விலை குறைவு என்பதால் அதன் பயமும் குறைவாகிவிடுமா?

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. 2 அடி நீளத் தொட்டி; அடர்ந்த செடி; மங்கிய வெளிச்சம்; உப்புச் சத்துக் குறைந்த மென்மையான நீர்; கழிவு நஞ்சை மாற்றும் நுண்கிருமிகள் வளர, மீன் விடுவதற்கு முன் சில வாரப் பொறுமை. பிறகு 6 மீனுக்குக் குறையாமல், முடிந்தால் 10 அல்லது 12. ஏஞ்சல் மீனை அதே தொட்டியில் விடவே கூடாது. வளர்ந்ததும் இவற்றை விழுங்கிவிடும்.

இதற்கெல்லாம் இடமில்லை, பொழுதில்லை என்றால் குற்றமே இல்லை. மீன் வாங்காமல் இருங்கள். ஜோடிதான் வேண்டும் என்று ஆசையாக இருந்தால், அதற்குத்தான் செருப்புக் கடை இருக்கிறதே!