யாரும் தடுக்காத எறிகை

நெட்டையான வீரர்களும் வளையத்தடியை விட்டு வெளியே வந்து மூன்று புள்ளிக்கு எறிவதுதான் நவீன கூடைப்பந்தாட்டம் என்று அமெரிக்க என்.பி.ஏ. போட்டிகளைப் பற்றிப் பேசுவோரில் ஒரு சாரார் ஓயாமல் ஓதி வருகின்றனர். தடுக்க ஆளில்லையா, எறிந்துவிடு! இதுவே இவர்களது மந்திரம். ஆளில்லாமற் போனது ஏன் என்று மட்டும் இவர்கள் கேட்பதில்லை.

ஜோஷ் ஸ்மித்தை எடுத்துக்கொள்வோம். ஆறடி ஒன்பது அங்குல உயரம். வளையத்தின் அருகே அவரை மறிப்பது எளிதன்று. 2013இல் டெட்ரோயிட் பிஸ்டன்ஸ் அணி நான்கு ஆண்டுகளுக்கு 54 மில்லியன் டொலர் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தது. 2013-14 பருவத்தில் அவர் மூன்று புள்ளிக்காக 265 தடவை எறிந்தார். உள்ளே விழுந்தவை 70. ஓர் எறிகைக்கு 0.8 புள்ளிகூடத் தேறவில்லை.

சேதம் அத்தோடு முடிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அவரைக் காவல் செய்ய வேண்டிய எதிரணி வீரர், அவரைப் பொருட்படுத்தாது வளையத்தடிக்குப் பின்வாங்கி நின்றுகொண்டார். அங்கேயோ ஏற்கெனவே அன்ட்ரே ட்ரமண்ட், கிரெக் மன்றோ என்னும் இரு நெட்டையரும் அவர்களுடைய காவலரும். பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே பாய முயன்ற சக வீரருக்கு வழி ஏது? ஸ்மித்துக்குக் கிடைத்த வெற்றிடம் எதிரணி மனமுவந்து அளித்த தானம். தானத்தை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. மூவரையும் ஒன்றாகக் களமிறக்கிய நிருவாகத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால், கையிலிருந்த பந்தை எறிவதா, கொடுப்பதா என்று தீர்மானித்தவர் ஸ்மித். அவரோ பந்தைப் பகிர்வதில் தேர்ந்தவர்!

28 ஆட்டங்களில் ஐந்தில் மட்டுமே அணி வென்றிருந்த நிலையில், 2014 டிசெம்பர் 22 அன்று, மிகுதிச் சம்பளத்தின் சுமையையும் ஏற்று அவரை விடுவித்தார், பயிற்றுநராகவும் நிருவாகத் தலைவராகவும் இருந்த ஸ்டான் வான் கண்டி. அடுத்த ஏழு ஆட்டங்களிலும் அணி வென்றது. ஏழு வெற்றிகள் எல்லாவற்றையும் நிறுவிவிடா. பருவ இறுதியில் அவ்வணி பெற்றவை 32 வெற்றிகளே. ஆயினும் அன்று வழி திறந்ததை மறுக்க இயலாது.

ப்ரூக் லோப்பஸைக் காட்டி மறுப்போர் உளர். தாராளமாகக் காட்டட்டும். தமது முதல் எட்டுப் பருவங்களில் மூன்றே மூன்று தடவை அவ்வாறு புள்ளி பெற்ற அந்த ஏழடி மனிதர், 2018-19இல் மில்வாக்கி அணிக்காக 512 தடவை எறிந்து 187ஐ உள்ளே போட்டார். எறிகைக்குக் கிட்டத்தட்ட 1.1 புள்ளி. எனவே அவரது காவலர் வெளியே வந்தேயாக வேண்டியிருந்தது. அவர் விட்டுவந்த இடத்தில் யானிஸ் அன்டெடோகுன்போ புகுந்தார். அப்பருவத்தில் மில்வாக்கி 60 ஆட்டங்களில் வென்றது.

இருவர் நெற்றியிலும் நவீனம் என்ற ஒரே முத்திரையைக் குத்துவோர், எதிரணிக் காவலர் எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவையேனும் பார்த்ததுண்டா?