கேமரா கண் விழித்தால் போதுமா?

இன்றைக்குக் கீழமாசி வீதியில் எந்தக் கடை வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் ஒரு கேமரா நம்மைக் குனிந்து பார்க்கிறது. மொத்தக் கடை, சில்லறைக் கடை, கிட்டங்கி, கடைக்குப் பின்னால் உள்ள வீடு என்று எங்கும் வந்துவிட்டது. வணிகர்கள் காலத்தோடு ஒட்டி நடப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கேமரா வாங்கிய மறுமாதமே கூர்க்காவுக்குக் கொடுத்து வந்த பங்கை நிறுத்தும் வழக்கம் நம்மவர்களிடையே பரவி வருகிறதே, அதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். வெப் கேமராவின் பிறப்பே வேடிக்கையானது. 1991-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகக் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள், காபிப் பாத்திரத்தில் காபி மீதி இருக்கிறதா என்று படியேறிப் போய்ப் பார்க்கச் சலித்துக்கொண்டு, பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 1993-ல் அது இன்டர்நெட்டிலும் ஏறியது. 2001-ல் கேமராவை நிறுத்தியபோது அந்தப் பாத்திரம் ஏலத்தில் 3,350 பவுனுக்குப் போனது. எடுத்தவர் ஒரு ஜெர்மன் பத்திரிகை நிறுவனத்தார். பழைய பாத்திரத்துக்கு அந்த விலை நம் கடைத்தெருவில் யாரும் தர மாட்டார்கள்!

வீட்டுக் காவலுக்குக் கேமரா என்ற யோசனை அதற்கும் முந்தையது. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ், தன் கணவருடன் சேர்ந்து 1966-ல் இதற்குக் காப்புரிமை கோரினார், 1969-ல் கிடைத்தது. கதவில் மேலும் கீழுமாகச் சில துவாரங்கள், அவற்றின் வழியே பார்க்கும் கேமரா, படுக்கையறையில் ஒரு திரை, கதவைத் திறக்க ஒரு பொத்தான், ஆபத்துக்கு அழைக்க இன்னொரு பொத்தான். போலீஸ் வந்து சேரத் தாமதமாகிறது என்பதுதான் அந்த அம்மையாரின் கவலை. அவருடைய ஏற்பாட்டில் உதவிக்கு ஆளை அழைக்கும் பொத்தானும் சேர்ந்தே இருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது 'அசைவு கண்டால் செல்போனுக்குச் செய்தி வரும்' என்று சொல்லி விற்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது? கேமரா எடுக்கும் படம் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டுப் பார்க்கும். மாறிய புள்ளிகள் ஓர் அளவைத் தாண்டினால் மணி அடிக்கும். இவ்வளவுதான். வெளிச்சம் மாறியது என்று அதற்குத் தெரியும். வந்தவன் திருடன் என்று தெரியாது. மனித உருவத்தைப் பிரித்தறியும் கேமராக்கள் இப்போது வந்துள்ளன என்றாலும், நம்மவர்கள் பலர் வாங்கி மாட்டியிருப்பது விலை குறைந்த பழைய வகையே.

மளிகைக் கடையில் இரவில் அசையாதது எது? மூட்டை இடுக்கில் எலி ஓடுகிறது. அதைத் துரத்திப் பூனை பாய்கிறது. கேமராவுக்கு முன்னால் விட்டில் வருகிறது, விட்டிலுக்குப் பல்லி வருகிறது. லென்சுக்கு முன்னால் சிலந்தி ஓர் இழை கட்டினால் அது இரவில் கயிறு போல வெள்ளையாக ஆடும். சரமாகத் தொங்கும் ஷாம்புப் பாக்கெட்டுகள் காற்றில் ஆடினாலும் செய்தி, தெருவில் லாரி திரும்பி அதன் வெளிச்சம் ஷட்டர் இடுக்கில் விழுந்தாலும் செய்தி. ஒரே இரவில் முப்பது நாற்பது முறை செல்போன் கத்தினால் முதலாளி என்ன செய்வார்? மூன்றாம் நாள் சத்தத்தை அடக்கிவிட்டுத் தூங்குவார். 'புலி வருது' கதைதான். உண்மையில் புலி வரும் இரவில் போன் தலையணைக்கு அடியில் ஊமையாகக் கிடக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. பொருத்த வந்த பையன் சொல்லாமல் போயிருப்பான். படம் முழுவதையும் கவனிக்கச் சொல்லாமல், ஷட்டர், பின்கதவு, கல்லா இந்த இடங்களை மட்டும் கட்டம் போட்டுக் கொடுக்கலாம். கடை மூடிய பிறகு மட்டும் செய்தி வரும்படி நேரம் வைக்கலாம். உடம்புச் சூட்டை உணரும் சென்சார் வைத்திருப்பவர்கள், ஆள் அதற்கு நேரே நடந்து வராமல் குறுக்கே கடந்து போகும்படி அதை வைக்க வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் சுவரும் தகரமும் உடம்புச் சூட்டுக்கே வந்துவிடுகிற இரவுகளில் அந்தச் சென்சார் மந்தமாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மிளகாய் வத்தல், மாவு வியாபாரம் செய்கிறவர்கள் வாரம் ஒரு முறை லென்சைத் துடைக்காவிட்டால், அது பார்ப்பதெல்லாம் தூசியைத்தான்.

பில் போடும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு வெப் கேமராவைச் சொருகி, இலவச மென்பொருள் போட்டு, செலவில்லாமல் இதே காரியத்தைச் செய்கிறவர்களும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் சாதாரண வெப் கேமராவுக்கு இருட்டில் கண் தெரியாது. அகச்சிவப்பு விளக்குள்ள கேமராவையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அதன் வெளிச்சமே திரும்பி வந்து கண்ணைக் குருடாக்கும். கடை பூட்டும்போது ஒரு விடிவிளக்கை எரியவிட்டுப் போவது நம் பெரியவர்கள் வழக்கம். இன்று வெப் கேமராவுக்கும் அதுவே வேண்டியிருக்கிறது.

மின்சார மீட்டர் பெட்டி பல கடைகளில் வெளிச்சுவரில் இருக்கிறது. வருகிறவன் முதலில் அங்கேதான் கை வைப்பான். கரண்ட் போனால் ரவுட்டர் போகும்; ரவுட்டர் போனால் செய்தியும் போகும். டி.வி.ஆர். பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சிறிய யு.பி.எஸ். இல்லாத ஏற்பாடு பாதி ஏற்பாடுதான். அந்தப் பெட்டியையே கல்லாவுக்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருப்பவர்களை என்ன சொல்வது? திருடன் பணத்தோடு சாட்சியையும் தூக்கிக்கொண்டு போவான்.

கிட்டங்கி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதும். அளவைப் பொறுத்துப் பத்து நாளோ பதினைந்து நாளோ நிற்கும். நாம் இருப்புச் சரிபார்ப்பதோ மாதம் ஒரு தடவை. பருப்பில் நாலு மூட்டை குறைகிறது என்று முப்பதாம் தேதி கண்டுபிடித்தால், ஐந்தாம் தேதிப் படம் எங்கே இருக்கும்? பதிவை ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும்படி செய்ய வேண்டும், அல்லது இருப்பை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். இரண்டாவதற்குச் செலவு கிடையாது.

பாஸ்வேர்டு விஷயத்தில் நம்மவர்களின் அலட்சியம் சொல்லி மாளாது. கம்பெனி கொடுத்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2016-ல் 'மிராய்' என்ற கெட்ட மென்பொருள், இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளைக் கொண்டே உலகெங்கும் ஏராளமான கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் கைப்பற்றி, அந்த அக்டோபர் மாதம் அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. காவலுக்கு வைத்த நாய் ஊரான் சொல் கேட்டுக் கடித்த கதை. நம் மத்திய அரசும் கேமராக்களின் பாதுகாப்பைச் சோதித்த பிறகே விற்க வேண்டும் என்ற விதியை 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பேர் ஊர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்குமுன் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். நம்மிடம் பருப்பு வாங்குகிறவர் தரம் கேட்கிறாரே, நாம் கேட்டால் என்ன?

திருட்டு நடந்த பிறகு படம் இருக்கிறது என்று நிம்மதி அடைகிறவர்கள் சட்டத்தையும் அறிய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாட்சிய அதிநியமம் வந்துள்ளது. அதன் 63-வது பிரிவின்படி இப்படிப்பட்ட பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும்: கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும், நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும், பதிவின் கைரேகை போன்ற 'ஹேஷ்' எண்ணும் அதில் வர வேண்டும். ஆகவே பதிவை வெட்டி ஒட்டாமல், கருவியிலிருந்து முழுமையாக நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் தரம் குறைந்து வருவதால் அதை நம்பி இருக்காதீர்கள். கருவியின் கடிகாரம் சரியான தேதி, மணி காட்டுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். திருட்டு நடந்த நேரம் ஒன்று, படம் காட்டும் நேரம் ஒன்று என்றால் எதிர்க்கட்சி வக்கீலுக்கு அதுவே போதும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருடனுக்கு என்று வாங்கிய கேமராவைச் சிலர் பகலில் சிப்பந்திகள் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு, 'ஏலே, ஏன் உட்கார்ந்திருக்கே?' என்று போனில் அதட்டுகிறார்கள். கல்லாவைப் பார்க்கட்டும், தராசைப் பார்க்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பையன்கள் சோறு தின்னும் இடத்தையும் சட்டை மாற்றும் இடத்தையும் பார்ப்பது முறையல்ல. கூடத்தில் அசைவு கேமரா வைத்த வீடுகளில் மருமகள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாலும் மாமனார் போனுக்குச் செய்தி போகிறது! அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. கூட வசிப்பவர் சம்மதமின்றி வீட்டின் உட்பகுதியில் கேமரா வைத்தது தவறு என்ற கொல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025-ல் அது மறுத்தது. வீட்டுக்கு வாசலும் கொல்லையும் போதும்.

இனி கூர்க்கா விஷயம். 'அண்ணாச்சி, அவருக்குக் கொடுக்கிற மாதப் பணத்தில் வருஷத்துக்கு ரெண்டு கேமரா வாங்கலாமே' என்று இளைய வணிகர்கள் கேட்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் இரவு இரண்டு மணிக்குச் செய்தி வருகிறது. நிஜமாகவே ஓர் ஆள் கூரைத் தகரத்தைப் பிரிக்கிறான். பார்க்கிறவர் நம்மைப் போல அறுபது தாண்டியவர், வீடோ ஊர்க்கோடியில். யார் போவது? கேமராவுக்குக் கண் உண்டு, கால் இல்லை. நமக்குத் தெரிந்த ஒரு கிட்டங்கியில் முன்ஷட்டருக்கு மூன்று கேமரா. வந்தவன் பின்கூரை வழியே இறங்கி ஏலக்காயை மட்டும் பொறுக்கி எடுத்துப் போய்விட்டான். தெருவில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நாளில் அவ்வளவு சாவகாசமாகப் பொறுக்கியிருக்க மாட்டான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறோம். வீதிக்கு இரண்டு கூர்க்கா தொடர்ந்து இருக்க வேண்டும்; ஒவ்வொருவர் கையிலும் சங்கச் செலவில் ஒரு செல்போன்; கடைகளின் இரவுச் செய்தி முதலாளிக்கும் அவர்களுக்கும் சேர்ந்தே போக வேண்டும். அவர்கள் போய்ப் பார்த்து, ஆள் நடமாட்டம் உண்மை என்றால் விசில் ஊதிவிட்டு 112-க்கு அழைக்கட்டும். தனியாக உள்ளே நுழைய வேண்டாம். பத்துக் கடைகளுக்குச் சேர்த்து ஒரு மெக்கானிக்கை ஒப்பந்தம் பேசினால் லென்ஸ் துடைப்பதும் கடிகாரம் பார்ப்பதும் தவறாமல் நடக்கும். கடைக்கு எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். நம் கடைக்கும் இரண்டு கிட்டங்கிகளுக்கும் உரிய பங்கை முதல் வரியில் எழுதிக்கொள்ளும்படி பொருளாளரிடம் சொல்லியாயிற்று.