குடல் நோய்க்குக் கஞ்சி மருந்தல்ல

அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்றோ குரோன்ஸ் நோய் என்றோ எழுதிய மருந்துச் சீட்டு வீடு வந்து சேருமுன்பே பத்தியப் பட்டியல் வந்துவிடும். காரம் ஆகாது, பருப்பு வாயு, பால் மந்தம், முட்டை சூடு, காய்கறி செரிக்காது. தட்டில் மிஞ்சுவது கஞ்சியும் மோரும் இரண்டு இட்லியும். "ஆறு மாசம் வாயைக் கட்டு, குடல் தானா ஆறிடும். இங்கிலீஷ் மாத்திரையெல்லாம் எதுக்கு?" என்று சொல்ல ஒரு பெரியப்பாவோ யூடியூப் வைத்தியரோ தவறாமல் இருக்கிறார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பட்டியலின் பெரும்பகுதி நோயாளிக்குக் கெடுதல் செய்கிறது.

காரமும் உடம்புச் சூடும்தான் நோயைக் கொண்டுவந்தன என்பதை முதலில் பார்ப்போம். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்து ஆற்றுகிற வாய்ப்புண் வகையறா இல்லை இது. குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தடம்புரண்டு கிளம்பி, குடல் சுவரையே புண்ணாக்குகிறது. பரம்பரைக்கும் சூழலுக்கும் இதில் பங்குண்டு. மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம். நோய் கிளம்பியிருக்கும் வாரங்களில் குறைத்துக்கொள்ளலாம். அழற்சியைத் தொடங்கி வைத்தது மிளகாய்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. சந்தேகம் விழ வேண்டிய இடம் வேறு. இந்தியா உட்பட 21 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், பாக்கெட் நொறுக்குத்தீனி, குளிர்பானம், பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றை அதிகம் உண்டவர்களிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ரசத்தை நிறுத்திவிட்டு, லேசான ஆகாரம் என்று கிரீம் பிஸ்கட்டை நீட்டும் வீடுகள் எத்தனை!

அடுத்தது கஞ்சி. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நோய் தீவிரமாக இருக்கும்போது குடல் வழியே ரத்தமும் புரதமும் கசிந்து வெளியேறுகின்றன, பசியும் இல்லை, கொடுக்கும் ஸ்டீராய்டு தசையைக் கரைக்கிறது. இந்தக் கட்டத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்கிறது ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 75 கிராம். ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் இருப்பது இரண்டு மூன்று கிராம். நாளெல்லாம் கஞ்சி குடித்தாலும் கணக்கு தேறாது. ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, முள் எடுத்த மீன், தயிர் இவையெல்லாம் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பட்டினி இன்னும் கொடுமை. வளர வேண்டிய வயதில் உயரமே தடைப்பட்டுவிடும்.

உணவுக்கு மருந்தின் வலிமை உண்டு என்று நிரூபணமான இடமும் இருக்கிறது. குரோன்ஸ் நோயுள்ள பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம், வேறெதுவும் தராமல், முழுச் சத்தும் கணக்கிட்டுத் தயாரித்த திரவ உணவு மட்டும் கொடுக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு இல்லாமலேயே நோய் அடங்குகிறது. ஐரோப்பாவில் பல பிள்ளைகளுக்கு இதுதான் முதல் சிகிச்சை. அந்தத் திரவத்தில் கலோரியும் புரதமும் விட்டமினும் தேவைக்குக் குறையாமல் இருக்கின்றன. நம் பத்தியமோ அவற்றை ஒவ்வொன்றாகப் பறிக்கிறது. இன்னொன்று, இந்தச் சிகிச்சை குரோன்ஸ் நோய்க்குத்தான் பலிக்கிறது. அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு அதே பலன் கிடைப்பதில்லை. இரண்டையும் 'குடல் புண்' என்று ஒரே மூட்டையில் கட்டி, ஒரே பத்தியம் எழுதித் தருவது எப்படிச் சரியாகும்?

நார்ச்சத்தே கூடாது என்பது பாதி உண்மை. குரோன்ஸ் நோயில் குடல் சுருங்கி வழி குறுகியிருந்தால் வாழைத்தண்டு, சோளம், ஆரஞ்சுச் சக்கை போன்றவை அடைத்துக்கொள்ளும். அவர்கள் விலக்கத்தான் வேண்டும். சுருக்கம் இல்லாதவர்கள் ஏன் விலக்க வேண்டும்? தோலும் விதையும் நீக்கி வேகவைத்த சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி என்று தொடங்கி, நோய் அடங்க அடங்க மற்ற காய்களுக்குப் போகலாம்.

பால் குடித்தால் வயிறு உப்புவது லாக்டோஸ் செரிக்காததால். குடல் நோயே இல்லாத தமிழர்கள் பலருக்கும் அது உண்டு. அவர்களும் தயிரைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள். பாலைச் சந்தேகப்பட்டுத் தயிரையும் நிறுத்தினால், ஸ்டீராய்டு அரிக்கும் எலும்புக்குக் கால்சியம் எங்கிருந்து வரும்? கேழ்வரகும், முள்ளோடு தின்னும் நெத்திலியும் கைகொடுக்கும்.

பத்தியத்தாலேயே குணமானவர் இருக்கிறாரே என்பார்கள். இந்த நோய் தானாகவே கூடும், தானாகவே தணியும். தணியும் நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். அமெரிக்காவில் குரோன்ஸ் நோயாளிகள் 194 பேரிடம், தானியத்தை அறவே ஒதுக்கும் கெடுபிடியான உணவுமுறையையும் மத்தியதரைக்கடல் பாணி உணவையும் ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் இரண்டு பக்கமும் நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குத் தொந்தரவு தணிந்தது. கெடுபிடிக்குத் தனிப் பலன் இல்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு சீரானதோ மிகச் சிலருக்குத்தான். வயிறு அமைதியாக இருப்பதும் புண் ஆறுவதும் வேறு வேறு. மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் அளவைப் பார்க்காமல், கொலோனோஸ்கோபி செய்யாமல், மாத்திரையை நிறுத்துவது சூதாட்டம். மஞ்சளுக்கும் இதே கதை. ஜப்பானில் 2006இல் வெளியான ஆய்வில் குர்குமின் கொலைடிஸ் திரும்பி வருவதைக் குறைத்தது. ஆனால் அதை வழக்கமான மருந்தோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், தினம் 2 கிராம். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே என்பதால், மஞ்சள் பாலாக அதைக் குடிக்க நினைப்பவர் தினமும் அறுபது கிராமுக்கு மேல் கரைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, முருங்கைக்கீரையும் பேரீச்சையும் தின்றால் ரத்தம் ஊறும் என்பது. அழற்சி கொழுந்துவிட்டிருக்கும்போது, உணவில் வரும் இரும்பை உள்ளே விடாதபடி உடலே கதவைச் சாத்திவிடுகிறது. ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே போனவருக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றச் சொல்கிறார்கள். பி12 விட்டமினை உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. அறுவை சிகிச்சையில் அந்தப் பகுதி கணிசமாக நீக்கப்பட்டவருக்கு ஈரல் சமைத்துப் போட்டாலும் உடம்பில் போதிய அளவு சேராது. காலமெல்லாம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.