நாவில் இருப்பவள் எங்கே போனாள்?

மனிதனுக்குப் பேச்சு எப்படி வருகிறதென்று நம் புராணிகர்களைக் கேட்டால், சரஸ்வதி நாவில் வீற்றிருந்து பேச வைக்கிறாள் என்பார்கள். ஐந்து வயது வரை ஊமையாயிருந்த குமரகுருபரரைத் திருச்செந்தூர் முருகன் பாட வைத்தான் என்று சாட்சியும் காட்டுவார்கள். பேச்சில்லாத ஏழைக் குழந்தையைக் கண்டாலோ, முன்ஜென்ம பாவம் என்று அதன் தலையிலேயே பழியைப் போட்டுவிடுவார்கள்.

உண்மை என்ன? நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையிலுள்ள இரண்டு மடிப்புகளை அதிரச் செய்கிறது. பேசும்போது ஆண்களுக்கு வினாடிக்குச் சுமார் 100 முதல் 150 தடவையும், பெண்களுக்குச் சுமார் 200 தடவையும் அவை அதிர்கின்றன. அவ்வொலியை நாக்கும், உதடும், அண்ணமும் எழுத்தாக்குகின்றன. இத்தனையையும் நடத்துவது மூளை. பிறவி ஊமை என்று நாம் சொல்லும் பெரும்பாலோருக்குக் குரல்வளையில் குற்றமில்லை. காது கேளாததால் பேச்சைக் கற்க வழியில்லாமற் போனதே காரணம். இதில் பாவம் எங்கே வந்தது?

1861-ல் பாரிஸ் வைத்தியர் புரோக்கா ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் சொல்வது அவனுக்கு விளங்கும். அவன் வாயில் வந்ததோ பெரும்பாலும் "டான்" என்ற ஓரசைதான். அவன் இறந்தபின் அறுத்துப் பார்த்ததில், மூளையின் இடது முன்பகுதி கெட்டிருந்தது. 1874-ல் ஜெர்மானியரான வெர்னிக்கே, இடது மூளையில் காதையொட்டிய பகுதி கெட்டால், பேச்சு தடையின்றி வந்தும் பொருளிராது, பிறர் பேச்சும் விளங்காது என்று காட்டினார். நாக்கு நன்றாயிருந்தும் பேச்சு போயிற்றே, நாவிலிருந்த தேவி எங்கே போனாள் என்று கேட்கின்றோம்.

இதை நாம் வீண் வாதத்துக்காகச் சொல்லவில்லை. நன்றாயிருந்தவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு கை துவண்டு, பேச்சுக் குழறினால், மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம், அல்லது வெடித்திருக்கலாம். அடைப்பாயின், அதைக் கரைக்கும் மருந்தைச் சாதாரணமாக 4½ மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அந்த நேரத்தை மந்திரிப்பவன் வீட்டிலும், திருநீற்றுத் தட்டின் முன்னும் தொலைத்துவிட்டு, பிறகு தலைவிதி என்று அழுவது அறிவுடைமையாகுமா?

தோழர்களே! பிறர் பிள்ளை நாவில் எழுத்தெழுதும் புரோகிதர், தமக்கு நாக்கு இழுத்துக்கொண்டால் எங்கே ஓடுகிறார் என்று பாருங்கள். ஆஸ்பத்திரிக்குத்தான்! நீங்களும் அங்கேயே போங்கள். அவரைப் போலவே தாமதமின்றிப் போங்கள்.